மழைக்காலமும் பிஞ்சுக் கைகளும்



மார்கழிக் கடைசியில் ஒரு சனிக்கிழமை. பொங்கலுக்கு இன்னும் சில நாட்களே இருந்தன. எங்கள் தோட்டப் பள்ளியின் பாலர் வகுப்புப் பிள்ளைகள் சிலரையும் அவர்களுடைய தாய்மாரையும் அழைத்துக்கொண்டு, ஜொகூர்க் கடற்பாலத்தைக் கடந்து சிங்கப்பூர் சென்றிருந்தோம். தேக்காவில் பொங்கல் கடைகளைப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும் என்பது எங்கள் எண்ணம். சிராங்கூன் சாலையில் கால் வைத்ததுமே மழை பிடித்துக்கொண்டது. கடைகளுக்கு முன்னால் ஓடும் ஐந்தடிப் பாதையில் எல்லோரும் ஒதுங்கி நின்றோம்.

நாங்கள் ஒதுங்கிய கடையில் பிள்ளைகளுக்கான புத்தகங்கள் அடுக்கியிருந்தன. ஒன்றின் அட்டையில் வெள்ளை வெளேரென்று ஒரு பனிமனிதன். மூக்குக்குக் காரட், கழுத்துக்குக் கம்பளித் துண்டு. குளிர்காலத்தில் குழந்தைகள் செய்யக்கூடிய கைவேலைகள் என்று உள்ளே படம் படமாகப் போட்டிருந்தார்கள். எங்கள் வகுப்புப் பிள்ளை ஒருத்தி அதை நெடுநேரம் பார்த்துவிட்டு, “டீச்சர், பனியிலே எப்படிப் பொம்மை செய்வாங்க? தொட்டாலே தண்ணியாப் போயிடுமே?” என்று கேட்டாள்.

அவள் அறிந்த பனி, விடியற்காலையில் தோட்டத்துப் புல்லில் நிற்கும் பனி. அவள் கேள்வியில் தவறே இல்லை. நாங்கள் பதில் சொல்லத் தொடங்குவதற்குள், பால்மரம் வெட்டும் அவளுடைய தாயார் குறுக்கிட்டார். “டீச்சரம்மா, நானும் இவ அப்பாவும் கையால உழைச்சு உழைச்சுக் கை காய்ச்சுப் போச்சு. இவளுக்கும் கைவேலைதானா? எழுத்தும் கணக்கும் சொல்லிக் குடுங்க, அது போதும்” என்றார்.

மகள் கேட்டது ஒரு கேள்வி. தாய் கேட்டது இன்னொரு கேள்வி. குளிர்காலக் கைவேலை என்பது யாருடைய குளிர்காலத்துக்கு உரியது? கைவேலை என்பது நம் பிள்ளைகளுக்கு வேண்டியதுதானா? இவ்விரண்டுக்கும் வரலாற்றில் விடை இருக்கிறது. அந்த விடையில் ஒரு பகுதி, நாங்கள் மழைக்கு ஒதுங்கி நின்ற தேக்காவிலேயே இருக்கிறது. அதைத்தான் இன்று உங்களோடு பேச விரும்புகிறோம்.

முதலில் அந்தப் பனிமனிதன் எங்கிருந்து வந்தான் என்று பார்ப்போம். ஐரோப்பாவின் வடபகுதி நாடுகளில் குளிர்காலத்தில் பகல் மிகக் குறுகியது. இரவு மிக நீண்டது. வெளியே வெண்பனி குவிந்து கிடக்கும். சின்னஞ்சிறு பிள்ளைகள் பல மணி நேரம் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்க வேண்டும். அவர்களுடைய கைக்கு ஏதாவது வேலை கொடுத்தே ஆகவேண்டும். தாள் மடிப்பது, கத்தரிப்பது, நூல் கோப்பது, களிமண் பிசைவது போன்றவை அப்படி வீட்டுக்குள் கைக்குக் கொடுக்கக்கூடிய வேலைகள்.

இந்த வீட்டுப் பழக்கத்தைப் பள்ளிக் கல்வியாக மாற்றியவர்களுள் முதன்மையானவர் ஃப்ரோபெல் என்னும் ஜெர்மானியர். துரிங்கியா என்னும் காட்டுப் பகுதியில் 1782இல் பிறந்தவர். ஒரு வயது நிறையும் முன்பே தாயை இழந்தவர். இளமையில் காட்டு அதிகாரி ஒருவரிடம் தொழில் பழகியவர். மரத்தையும் இலையையும் விதையையும் பார்த்துப் பார்த்துப் பாடம் கற்ற மனிதர் அவர். 1837இல் பிளாங்கன்பர்க் என்ற சிற்றூரில் சிறு பிள்ளைகளுக்காக ஒரு நிலையம் தொடங்கினார். 1840இல் அதற்குக் ‘கிண்டர்கார்ட்டன்’ என்று பெயரிட்டார். ‘குழந்தைகளின் தோட்டம்’ என்பது அதன் பொருள். தோட்டம் என்ற சொல் நமக்கு ஒரு பொருளையும் அவருக்கு வேறொரு பொருளையும் தந்திருக்கிறது என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும்.

ஃப்ரோபெல் குழந்தைகளுக்குக் கொடுத்தவை விலையுயர்ந்த பொருள்கள் அல்ல. நூல் பந்து, மரக் கட்டை, சிறு குச்சிகள், ஊறவைத்த பட்டாணி, களிமண், தாள். தாளை மடிப்பதும், தாளைக் கீற்றுகளாக நறுக்கிப் பாய்போல் பின்னுவதும் அவர் வகுத்த பயிற்சிகளில் முக்கியமானவை. “பிள்ளைகளுக்கு விளையாட்டா கல்வி?” என்று அந்நாளில் எள்ளியவர்கள் உண்டு. 1851இல் பிரஷ்ய அரசு இத்தகைய பள்ளிகளைத் தடை செய்துவிட்டது. அடுத்த ஆண்டே அவர் மறைந்தார். தடை நீங்கியது 1860இல்தான். பிறகு அந்த முறை உலகெங்கும் பரவியது.

நம்மவர் பக்கத்திலும் இந்த எண்ணம் வேர்விட்டது. 1937இல் வார்தாவில் கூடிய கல்வி மாநாட்டில், கைத்தொழிலை நடுவாக வைத்துப் பிள்ளைகளுக்குக் கல்வி தர வேண்டும் என்று காந்தியடிகள் எடுத்துரைத்தார். ஆதாரக் கல்வி என்று நாம் சொல்வது அதிலிருந்து பிறந்ததே. 1939இல் இத்தாலி நாட்டு மரியா மாண்டிசோரி அம்மையார் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்தார். ‘குழந்தையின் கை, அறிவின் கருவி’ என்ற கருத்து இவர்கள் மூவருக்கும் பொதுவானது. இன்னொன்றும் பொதுவானது. பிள்ளையைச் சுற்றி என்ன இருக்கிறதோ அதைக் கொண்டே பிள்ளைக்குக் கற்பிக்க வேண்டும் என்பதே அது. பனி உள்ள நாட்டில் பனி. பஞ்சு உள்ள நாட்டில் தக்ளி. பனியே இல்லாத நாட்டில் கடைப் பஞ்சை ஒட்டிப் பனிமனிதன் செய்வது, அந்தப் பெரியவர்கள் சொன்னதைப் பின்பற்றுவது ஆகாது.

அப்படியானால் நமக்குக் குளிர்காலமே இல்லையா? உண்டு. தமிழர் ஆண்டை ஆறு பருவமாகப் பகுத்தார்கள். அவற்றில் ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். மார்கழியும் தையும் முன்பனி. மாசியும் பங்குனியும் பின்பனி. ஆண்டில் சரிபாதி, குளிரோடும் பனியோடும் தொடர்புடையதாக நம் முன்னோர் எண்ணியிருக்கிறார்கள். அந்தப் பருவத்துக்கு உரிய பிள்ளைக் கைவேலையும் அவர்களிடம் இருந்தது. மார்கழி நோன்பு நோற்ற சிறுமியர் நீர்க்கரை மணலில் பாவை பிடித்து வழிபட்டார்கள். பாவை நோன்பு என்ற பெயரிலேயே அந்தப் பொம்மை இருக்கிறது. மணலில் சிறுவீடு கட்டுவதைச் ‘சிற்றில்’ என்றார்கள். தச்சர் வீட்டுப் பிள்ளைகளும் விரும்பும்படி செய்த சிறுதேரைப் பெரும்பாணாற்றுப்படை பேசுகிறது. பிள்ளைத்தமிழ் நூல்களில் சிறுபறை முழக்குவதும் சிறுதேர் உருட்டுவதும் தனித்தனிப் பருவங்களாகவே பாடப்படுகின்றன. பிள்ளையின் கைவிளையாட்டைப் பாடுபொருளாக ஏற்ற மொழி நம் மொழி.

இனி, கடல் கடந்து நாம் வந்து சேர்ந்த மண்ணைப் பார்ப்போம். சிங்கப்பூரிலும் ஜொகூரிலும் டிசம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று வீசுகிறது. அதன் முற்பகுதிதான் கனமழைக் காலம். சிங்கப்பூரில் டிசம்பர் மாதத்தில் மட்டும் சராசரியாக 300 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. 1989 பிப்ரவரியில் ஒரு நாள் பாய லேபாரில் வெப்பநிலை 19 பாகை செல்சியஸ் வரை இறங்கியது. வெண்பனி நாட்டாருக்கு அது இளவெயில். நமக்கோ கம்பளி தேடும் குளிர்!

தோட்டத்து மக்களுக்கு இந்தப் பருவத்தின் பொருளே வேறு. காலையில் மழை பெய்து மரப்பட்டை நனைந்துவிட்டால் அன்று வெட்டு இல்லை. வெட்டினாலும் பால் மங்கில் சேராது, மழைநீரோடு வழிந்து போய்விடும். வெட்டு இல்லாத நாளில் கூலியும் குறையும். மழை ஓய்ந்து தை, மாசி வந்தால் ரப்பர் மரம் இலை உதிர்க்கத் தொடங்கும். பச்சைக் காடு சில வாரங்களில் செம்பும் மஞ்சளுமாக நிறம் மாறும். பிறகு கிளைகள் மொட்டையாக நிற்கும். பாலும் குறையும். இந்த இலையுதிர்வைத் தோட்ட நிருவாகத்தார் குளிர்காலம் என்ற பொருள்படும் ஆங்கிலச் சொல்லாலேயே குறிக்கிறார்கள். ஆகவே, நேயர்களே, நம் தோட்டத்துக்கு ஒரு குளிர்காலம் உண்டு. அது வானத்திலிருந்து வெண்பனியாக விழாமல், மரத்திலிருந்து இலையாக விழுகிறது.

இந்த மரம் நமக்கு வந்த வழியும் சிங்கப்பூர் வழிதான். தென் அமெரிக்கக் காட்டிலிருந்து 1876இல் லண்டனுக்கு அருகிலுள்ள கியூ பூங்காவுக்கு விதைகள் போயின. அவற்றின் வழி வந்த 22 நாற்றுகள் 1877இல் சிங்கப்பூருக்கு வந்தன. தாவரவியல் பூங்காவின் தலைமைப் பொறுப்பை 1888இல் ஏற்ற ரிட்லி என்பவர், மரத்தைக் கொல்லாமல் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் முறையைச் செம்மைப்படுத்தினார். அதன்பின் மலாயா முழுதும் ரப்பர் பரவியது. சிங்கப்பூரிலேயே செம்பவாங், சிலேத்தார், நீ சூன் பக்கங்களில் தோட்டங்கள் இருந்தன. இன்று அங்கே அடுக்குமாடி வீடுகள் நிற்கின்றன.

இவ்வளவு பின்னணியோடு மழை விட்ட தேக்காவுக்குள் நடப்போம். தேக்கா என்ற பெயரே ஒரு கைவேலைப் பொருளின் பெயர். ஹொக்கியன் சீனத்தில் ‘தெக்’ என்றால் மூங்கில். ‘கா’ என்றால் அடி. ரோச்சோர் கால்வாய்க் கரையில் வளர்ந்திருந்த மூங்கிலால் இந்தப் பெயர் வந்தது. மலாய்க்காரர் இதே இடத்தைக் ‘கண்டாங் கெர்பாவ்’ என்றார்கள். எருமைத் தொழுவம் என்பது அதன் பொருள். நீரும் புல்லும் இருந்ததால் இங்கே மாட்டு வணிகம் தழைத்தது. பஃபலோ ரோடு, கெர்பாவ் ரோடு என்னும் தெருப் பெயர்கள் இன்றும் அதை நினைவூட்டுகின்றன. 1915இல் இங்கே எழுந்த சந்தை 1982இல் இப்போதுள்ள கட்டடத்துக்கு மாறியது. அப்போது அதற்கு ‘சூஜியாவ்’ நிலையம் என்று மாண்டரின் பெயர் வைத்தார்கள். மக்கள் வாயில் தேக்காதான் நின்றது. 2000ஆம் ஆண்டில் தேக்கா என்ற பெயரே திரும்பி வந்தது.

குழந்தைகளைப் பற்றிப் பேசும்போது இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தேக்காவை ஒட்டியிருந்த கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையில் 1966ஆம் ஆண்டில் மட்டும் 39,835 குழந்தைகள் பிறந்தன. ஒரே மருத்துவமனையில் ஓராண்டில் இத்தனை பிறப்பு என்பது அந்நாளில் உலகச் சாதனை. அவ்வளவு பிஞ்சுக் கைகள் முதன்முதலாக விரல் விரித்த இடம் அது.

இந்த வட்டாரத்தில் நம் முன்னோரின் கைகள் செய்த வேலைக்கும் வரலாறு உண்டு. அதில் துயரமும் உண்டு. 1825 முதல் 1873 வரை இந்தியாவிலிருந்து தண்டனைக் கைதிகள் சிங்கப்பூரில் இருந்தார்கள். 1858 அளவில் சிராங்கூன் சாலையில் அவர்களைக் கொண்டு செங்கற்சூளை நடத்தினார்கள். செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தை 1856 முதல் 1861 வரை கட்டியவை அவர்களுடைய கைகளே. அதன் உட்சுவர்ச் சாந்து சென்னையில் வழங்கிய முறைப்படி அமைந்தது. சுண்ணாம்பு, முட்டையின் வெள்ளைக் கரு, வெல்லச் சர்க்கரை, தேங்காய் மட்டை ஊறிய நீர் ஆகியவற்றைக் கலந்து பூசி, பளபளவென்று தேய்த்தார்கள். கிட்டும் பொருளைக் கொண்டு பளிங்கு போன்ற சுவரை உண்டாக்கிய கைத்திறன் அது. ஆனால் அந்தக் கைகளுக்கு விருப்பம் என்று ஒன்று இல்லை. ஆணையிட்டவர் வேறு, செய்தவர் வேறு. இந்த வேறுபாட்டை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தாயார் கேட்ட கேள்விக்கு இதுவே திறவுகோல்.

இன்றைய தேக்காவில் ஐப்பசி முதல் தை வரை கைவேலைக் காலம்தான். தீபாவளிக்கு வாசலில் கோலம். கார்த்திகைக்கு அகல் விளக்கு. மார்கழியில் விடியற்கோலம். பொங்கலுக்கு மஞ்சள் கொத்தும், கரும்பும், கோலமிட்ட மண்பானையும். கேம்பல் லேனில் பொங்கல் கொண்டாட்டத்துக்கு மாடுகளைக் கொண்டுவந்து கட்டிய ஆண்டுகளும் உண்டு. நகரத்துப் பிள்ளைகள் மாட்டைத் தொட்டுப் பார்ப்பதற்கு அது ஒரு வாய்ப்பு. பூக்கடைகளில் நார் பிடித்து மலர் தொடுக்கும் விரல்களைப் பிள்ளைகள் கண்கொட்டாமல் பார்ப்பார்கள். தைப்பூசத்தன்று ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து புறப்படும் காவடிகளில் மயிற்பீலியும் தாளும் மணியும் எத்தனை விதமாக இணைந்திருக்கின்றன! 1952இல் கோ. சாரங்கபாணி அவர்கள் முன்னின்று தொடங்கிய தமிழர் திருநாளும் பொங்கலை ஒட்டியே எழுந்தது.

அண்டை வீட்டாரின் கைவேலையும் இதே பருவத்தில் இதே தெருக்களில் கலக்கிறது. தமிழ்க் கத்தோலிக்கர்களுக்காக 1888இல் ஓஃபியர் சாலையில் எழுந்த லூர்து மாதா தேவாலயம் இங்கிருந்து நடை தூரமே. கிறிஸ்துமஸ் வந்தால் வீடுகளில் தாள் நட்சத்திரம் தொங்கும். சீனப் புத்தாண்டு முடிந்ததும், பணம் வைத்துக் கொடுத்த சிவப்பு உறைகளை வீசாமல் மடித்துச் சேர்த்துப் பிள்ளைகள் கூண்டு விளக்குச் செய்வார்கள். மலாய்க்காரர் இளந்தென்னை ஓலையில் பின்னும் கெத்துப்பாட்டும், நம்மவர் அதே ஓலையில் மடிக்கும் தோரணமும் அக்காள் தங்கை போல. ஃப்ரோபெல் தாளில் பின்னச் சொன்ன பாய்ப் பின்னலும், ஓலையிலும் மெங்குவாங்கிலும் நம் வட்டாரம் பின்னும் பின்னலும் அடிப்படையில் ஒன்றே. மேலே ஒன்று, கீழே ஒன்று. உலகத்துப் பிள்ளைகளின் விரல்களுக்கெல்லாம் அந்தக் கணக்குப் பொதுவானது.

இப்போது தாயாரின் கேள்விக்கு வருவோம். அவர் கேட்டதில் நியாயம் உண்டு. தோட்டங்களில் பிள்ளைகளின் கை நெடுங்காலம் கூலிக் கையாகவே இருந்தது. களை பிடுங்கவும், ஒட்டுப்பால் பொறுக்கவும், தாய் தகப்பனுக்கு மங்கு துடைக்கவும் பிள்ளைகள் போனார்கள். 1912இல் மலாய்க் கூட்டரசு மாநிலங்களின் தொழிலாளர் சட்டம், ஓரினத்துப் பள்ளி வயதுப் பிள்ளைகள் 10 பேர் இருந்தால் தோட்டம் பள்ளி நடத்த வேண்டும் என்ற விதியைக் கொண்டுவந்தது. விதி வந்ததே தவிர, பல இடங்களில் ஆயாக் கொட்டகையின் ஒரு மூலையே பள்ளியாக இருந்தது. வெயில் ஏறும் வரை வேலை. ஏறிய பின் எழுத்து. பிள்ளைகள், இளையோர் வேலை பற்றிய மலேசியச் சட்டம் 1966இல் வந்தது. இவ்வளவு காலம் போராடிக் கூலியிலிருந்து மீட்ட கையை மறுபடி வேலைக்கு அனுப்புவதா என்று ஒரு தாய் அஞ்சினால், அந்த அச்சத்தை நாம் எளிதாகத் தள்ளிவிடக் கூடாது.

ஆனால், கூலி வேலை வேறு, கைவேலைக் கல்வி வேறு. கூலி வேலையில் பிறர் சொன்னதையே கை திரும்பத் திரும்பச் செய்கிறது. கல்வியில் பிள்ளை தானே எண்ணி, தானே தொடங்கி, தவறினால் தானே பிரித்து, மீண்டும் செய்கிறது. ஒரு தாளை இரண்டாக மடிக்கும் பிள்ளை அரை என்றால் என்ன என்று கையால் அறிகிறது. மறுபடி மடித்தால் கால். வாயால் பத்து முறை சொல்லிக் கொடுத்தும் ஏறாத கணக்கு, கை வழியே ஒரு முறையில் ஏறிவிடுவதை வகுப்பில் நாங்கள் பார்த்திருக்கிறோம். எழுதுகோலைப் பிடிக்கும் வலுவும் பிசைந்தும் கிழித்தும் கோத்தும் பழகிய விரலுக்கே முதலில் வருகிறது. எழுத்துச் சொல்லிக் கொடுங்கள் என்று அந்தத் தாய் கேட்டார். எழுத்துக்கு முன்படியே இந்தக் கைவேலைதான்.

ஐயம் இருந்தால் கோலத்தைப் பாருங்கள். நம் பாட்டிமார் புள்ளி வைத்து இழுத்த சிக்குக் கோலத்தைச் சென்னைக் கிறித்தவக் கல்லூரியோடு தொடர்புடைய கிப்ட் சிரோமணி, ராணி சிரோமணி ஆகியோரும் அவர்களோடு கமலா கிருத்திவாசனும் 1970களில் ஆராய்ந்தார்கள். சில விதிகளை மட்டும் வைத்துக்கொண்டு சிறு கோலத்திலிருந்து பெருங்கோலத்தை வளர்க்கும் முறையைக் கணினிக் கணிதத்தின் மொழியில் எழுதிக் காட்டினார்கள். 1974இல் வெளிவந்த அவர்களுடைய கட்டுரை உலக அறிஞர்களின் கவனத்தைப் பெற்றது. லயத்து வாசலில் அரிசிமாவால் இழுத்த கோட்டுக்குள் இவ்வளவு கணிதம் இருந்தது. கை காய்த்த பாட்டிதான் அதைப் பேத்திக்குக் கொடுத்தார்.

ஆகவே பெற்றோர்களே, இந்த மழை நாட்களில் வீட்டிலேயே பிள்ளைகளுக்குத் தரக்கூடிய சில கைவேலைகளைச் சொல்கிறோம். காசு கொடுத்து வாங்க வேண்டியது ஏறக்குறைய ஒன்றும் இல்லை.

முதலாவது, இலை நரம்பு. உதிர்ந்த ரப்பர் இலைகளில் கிழியாதவற்றைப் பிள்ளையே பொறுக்கட்டும். அவற்றை ஒரு வாளி நீரில் ஊறவையுங்கள். சில வாரங்களில் இலையின் சதை அழுகி மெத்தென்று ஆகிவிடும். பழைய பல்துலக்கியால் மெதுவாகத் தேய்த்துக் கழுவினால், சதை போய் நரம்பு மட்டும் வலைபோல் நிற்கும். அதைத் தாளுக்கு நடுவில் வைத்து உலர்த்தி, அட்டையில் ஒட்டினால் வாழ்த்து மடல். கம்பியில் கட்டினால் பூ. இந்த நரம்பிலையில் பூச்செய்து விற்போரும் உண்டு. ஒன்றை மறக்க வேண்டாம். வாளியை இறுக மூடி வையுங்கள். தேங்கிய நீரில்தான் டெங்கிக் கொசு முட்டையிடும். நீரைக் கொட்டும்போதும், அழுகிய இலையைத் தேய்க்கும்போதும் பெரியவர் கூட இருக்க வேண்டும்; பிறகு கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்.

இரண்டாவது, ரப்பர் கொட்டை. கொட்டைகளில் புள்ளியும் கோடும் பலவிதமாக இருக்கும். ஒன்றுபோல் உள்ளவற்றைப் பிரித்து வைக்கச் சொல்லுங்கள். பத்துப் பத்தாக அடுக்கச் சொல்லுங்கள். பல்லாங்குழிக்கு இதைவிட நல்ல காய் இல்லை. ஆனால் பச்சைக் கொட்டையில் நஞ்சு உண்டு. வாயில் வைக்கவோ உடைத்துத் தின்னவோ விடக்கூடாது. மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு இதைக் கொடுக்கவே வேண்டாம்.

மூன்றாவது, நாட்காட்டிப் பின்னல். தினமும் கிழிக்கும் நாட்காட்டித் தாளைச் சேர்த்து வையுங்கள். ஒரு தாளில் ஓரம் விட்டு நீள நீளமாக வெட்டிக் கொடுங்கள். இன்னொரு தாளைக் கீற்றாக்கி, மேலே ஒன்று கீழே ஒன்றாகப் பிள்ளை நுழைக்கட்டும். ஃப்ரோபெல் பள்ளியின் பாய் உங்கள் வீட்டில் வந்துவிடும். கை பழகியபின் தென்னை ஓலையில் காற்றாடியும் பீப்பியும் கிளியும் செய்யத் தாத்தாவிடம் கேளுங்கள். தாத்தா மறந்திருக்கமாட்டார்.

நான்காவது, புள்ளிக் கோலம். மூன்று வயதுப் பிள்ளைக்கு மாவால் புள்ளி வைத்தால் போதும். நான்கு வயதில் புள்ளிகளைச் சேர்க்கட்டும். ஐந்து வயதில் மூன்றுக்கு மூன்று கோலம் வந்துவிடும். மழையில் வாசல் நனைந்தால், கரும்பலகையிலோ பழைய அட்டையிலோ சுண்ணாம்புக்கட்டியால் போடலாம். ஆணென்றும் பெண்ணென்றும் இதில் பேதம் வேண்டாம்.

இன்று பல தோட்டங்களில் ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டதை அறிவோம். ரப்பர் இலை கிடைக்காதவர்கள் செம்பனை ஓலையின் ஈர்க்கை எடுங்கள். மண்ணுருண்டைகளில் செருகிச் சதுரமும் வீடும் கட்டலாம். ஃப்ரோபெல் பட்டாணியில் குச்சி செருகிய பாடம் இதுவே. முனை கண்ணில் படாதபடி குட்டையாக நறுக்கிக் கொடுங்கள். பட்டணத்து அடுக்குமாடிக்குக் குடிபோனவர்களும் கவலைப்பட வேண்டாம். அரச இலையும் பலா இலையும் சாலையோரத்தில் கிடைக்கும்.

தேக்காவிலிருந்து திரும்பிய மறுவாரம் எங்கள் வகுப்பில் ஒரு வாளி நிறைய இலை ஊறியது. மூன்றாம் வாரம் முடிந்து இலைகளைக் கழுவி எடுத்த அன்று, அந்தத் தாயார் மகளை அழைத்துப் போக வந்தார். மழையால் அன்றும் வெட்டு இல்லை. மகள் தன் கையிலிருந்த நரம்பிலையை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினாள். தாயார் அதை வாங்கி, காய்த்த விரலால் ஒவ்வொரு நரம்பாகத் தொட்டுப் பார்த்தார். “இருபது வருசமா இந்த இலையை மிதிச்சுக்கிட்டுத்தான் நடக்கிறேன் டீச்சரம்மா. உள்ளுக்குள்ளே இப்படி இருக்கும்னு தெரியாது” என்றார். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து தானும் ஓர் இலையைத் தேய்க்கத் தொடங்கினார். இரண்டு இலை கிழிந்தது. மூன்றாவது இலை முழுசாக வந்தது.

பனிமனிதன் செய்யும் பிள்ளைகள் பனி நாட்டில் செய்யட்டும். அவர்களுக்கு நம் வாழ்த்து. நம் பிள்ளைகளுக்கு நம் மழை இருக்கிறது, நம் இலை இருக்கிறது. வரும் மழை நாளில் வெட்டு இல்லாமல் வீட்டில் இருக்க நேர்ந்தால், பெற்றோர்களே, அரை மணி நேரம் பிள்ளையின் அருகில் உட்காருங்கள். உங்கள் கை அறிந்தவற்றில் ஒன்றையாவது அதன் கையில் கொடுங்கள். கூலிக்காக அல்லாமல் உங்கள் கை செய்யும் வேலையாக அது இருக்கட்டும்.